சர்வர் 480 கிலோமீட்டர் தள்ளி உறைந்து நிற்கிறது: நெட்வொர்க் வழியாகக் கர்னலுக்குள் நுழைய முடியுமா?

புதுநிரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வாரமாக ஒரே சிக்கல். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படித்து வழி சொல்லுங்கள்.

நாங்கள் சிறிய குழு. தரவு பிடிக்கும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறோம். கர்னலோடு (இயங்குதளத்தின் மையப்பகுதி) சேர்ந்து வரும் டிரைவர் அல்ல. நாங்களே தனி மாட்யூலாகக் கம்பைல் செய்து ஏற்றுவது. இந்தக் கார்டு பொருத்திய இரண்டு சர்வர்கள் இங்கிருந்து 480 கிலோமீட்டர் தள்ளி ஒரு டேட்டா சென்டரில், ஒரே ரேக்கில் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஒரே மாடல், 16 கோர், கர்னல் 6.1. மேலே இருப்பதை ஏ என்றும் கீழே இருப்பதை பி என்றும் வைத்துக்கொள்வோம். வேலை முழுக்க ஏ-யில் ஓடுகிறது. பி சும்மா காத்திருக்கும் மாற்று.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏ உறைந்துவிடுகிறது. முதலில் எஸ்எஸ்எச் போகாது. இணைப்பை ஏற்கும், ஆனால் கடவுச்சொல் கேட்கும் இடம்வரை வராது. பிங் மட்டும் நாலைந்து நிமிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். டேட்டா சென்டருக்கு போன் செய்து ரீசெட் போடச் சொல்வேன். எழுந்ததும் ஜர்னலைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வழக்கமான ஒரு கிரான் வரி, அதற்கு அடுத்த வரி புது பூட். நடுவில் நடந்தது எதுவும் டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை.

செய்து பார்த்தவை: அலுவலகத்தில் உதிரியாக இருந்த ஒரு கார்டை விஎஃப்ஐஓ மூலம் கியூஎமு மெய்நிகர் இயந்திரத்துக்குள் கொடுத்து ஓட்டினேன். கியூஎமுவில் சின்ன எஸ், பெரிய எஸ் இரண்டு சுவிட்சையும் போட்டால் 1234-ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற டீபகர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) நேராகக் கர்னலோடு ஒட்டிக்கொள்கிறது, அருமையாக இருக்கிறது. ஆனால் ஒன்பது நாள் ஓட்டியும் உறைதல் அங்கே வரவே இல்லை. அப்புறம் ஈதர்நெட் வழியாகக் கர்னலை டீபக் செய்யும் கேஜிடிபிஓஇ என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். கிடைத்த மூலநிரல் 6.1-இல் கம்பைல் ஆகவே இல்லை.

என் கேள்வி இதுதான். கியூஎமுவில் ஒட்டிக்கொள்வதுபோல, நிஜமான அந்த ஏ சர்வரின் கர்னலோடு என் மேசையிலிருந்து ஜிடிபியை நெட்வொர்க் வழியாக ஒட்ட முடியுமா? முடியாதென்றால், நீங்கள் இத்தனை தூரத்தில் இருக்கும் இயந்திரத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

லாக்கோப்பு (பதில்)

டீபகருக்கு முன்னால் நெட்கன்சோல் போடுங்கள். கர்னல் அச்சிடும் செய்திகளை டிஸ்க்குக்கோ ஜர்னலுக்கோ காத்திருக்காமல் நேராக யுடிபி பாக்கெட்டாக வெளியே தள்ளும். ஏ-க்குப் பக்கத்திலேயே பி இருப்பதால் அதையே வாங்கும் இயந்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

மாட்யூலை ஏற்றும்போது ஏ-யின் போர்ட், ஐபி, கார்டின் பெயர், அப்புறம் பி-யின் போர்ட், ஐபி, மேக் முகவரி என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். அனுப்பும் போர்ட் இயல்பாக 6665, வாங்கும் போர்ட் 6666. மேக் முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். ஐபிக்கு உரிய மேக் எது என்று நெட்கன்சோல் ஏஆர்பி மூலம் கேட்டுக்கொண்டு நிற்காது. முகவரி இல்லையென்றால் எல்லோருக்குமாகப் பரப்பிவிடும். வாங்குபவர் ரௌட்டருக்கு அப்பால் இருந்தால் அங்கே ரௌட்டரின் மேக் வர வேண்டும். பலர் தவறுவது இதில்தான். பாண்டிங் (பல கார்டுகளை ஒன்றாக இணைப்பது) வைத்திருந்தால் உள்ளே இருக்கும் கார்டின் பெயரல்ல, பாண்டின் பெயர்.

கன்சோல் லாக் அளவை 8 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பாதி செய்தி வடிகட்டப்படும். பி-யில் நெட்கேட்டை யுடிபியில் 6666 கேட்கவைத்து ஒரு கோப்பில் சேர்த்தால் போதும்.

புதுநிரல்

நன்றி அண்ணா. போட்டேன், மூன்றாம் நாள் அதிகாலை 4:10-க்கு உறைந்தது. பி-யில் 23 வரி வந்திருக்கிறது. ஆர்சியு ஸ்டால் (ஏதோ ஒரு சிபியு முன்னேறவில்லை என்ற கர்னலின் எச்சரிக்கை) என்று ஆரம்பித்து, சிபியு 6 பதில் தரவில்லை என்று சொல்லி, அந்த சிபியுவின் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) காட்டப் போகிறேன் என்ற வரியோடு நின்றுவிட்டது. அதன்பின் ஒரு பாக்கெட்கூட வரவில்லை. எனக்குத் தேவையான வரி அதற்கு அடுத்ததுதான்.

நல்மோடம் (பதில்)

தம்பி, அந்த 23 வரியும் அது நின்ற இடமும் சேர்ந்து நிறையச் சொல்கின்றன. நான் 14 வருடமாகப் பிறர் சர்வர்களின் கர்னல் விபத்துகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் நேரில் பார்க்கவே முடியாத இயந்திரங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேர்பதில். கியூஎமுவில் ஜிடிபியோடு பேசுவது கர்னல் அல்ல, வெளியே இருக்கும் கியூஎமு. உள்ளே இருக்கும் கர்னல் செத்தாலும் அது பேசும். நிஜ இயந்திரத்தில் அப்படி வெளியே நிற்பவர் யாரும் இல்லை. கேஜிடிபி என்பது கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. 2008-இல் 2.6.26 கர்னலில் அது சேர்க்கப்பட்டபோது சீரியல் வழி மட்டும் உள்ளே வந்தது, ஈதர்நெட் வழி வரவில்லை. இன்றுவரை மைய மூலநிரலில் அது இல்லை. காரணம் இருக்கிறது. எல்லா சிபியுவையும் நிறுத்திவிட்டு, இன்டரப்ட் (வன்பொருள் சிபியுவைக் கூப்பிடும் குறுக்கீடு) எதுவும் இல்லாமல், ஈதர்நெட் கார்டில் பாக்கெட் வாங்கவும் அனுப்பவும் வேண்டும். அந்தக் கார்டின் டிரைவர் அந்த நொடியில் ஏதாவது லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் பூட்டு) பிடித்தபடி நின்றிருந்தால் டீபகரும் அதே லாக்கில் மாட்டிக்கொள்ளும். சீரியல் போர்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு ரெஜிஸ்டரை மாறி மாறிப் படித்து, ஒரு பைட் வந்ததா என்று பார்த்தால் போதும். இவ்வளவு எளிமையான வன்பொருள் என்பதால்தான் எல்லாம் போனபின்னும் அது பேசுகிறது.

நெட்கன்சோல் பாதியில் நின்றதும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். உங்கள் ஈதர்நெட் கார்டுக்குப் பல வரிசைகள் இருக்கும், ஒவ்வொரு வரிசையின் இன்டரப்டும் ஒவ்வொரு சிபியுவுக்குப் போகும். அனுப்பி முடித்த பாக்கெட்டுகளைத் துடைத்து இடத்தைக் காலி செய்யும் வேலை சிபியு 6-இன் பெயரில் எழுதப்பட்டு, அந்த சிபியு உறைந்து நின்றால், அந்த வரிசை நிரம்பும்வரைதான் பாக்கெட் போகும். அப்புறம் கதவு அடைபட்டது போலத்தான். பிங் நாலைந்து நிமிடம் ஓடி நின்றதும் இதோடு ஒத்துப்போகிறது. மனதில் வையுங்கள்: நெட்வொர்க் வழியாகப் பார்க்கும் எந்த வழியானாலும், எந்தப் பகுதி உயிரோடு இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நெட்கன்சோல் ஈதர்நெட் டிரைவரை நம்புகிறது. உங்கள் பிழை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

ஆனால் நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. பிங் கொஞ்ச நேரம் பதில் சொன்னது, எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்றது, ஆர்சியு கண்காணிப்பு இன்னொரு சிபியுவிலிருந்து புகார் எழுதியது. 16-இல் ஒன்று செத்திருக்கிறது, மற்றவை அதற்காகக் காத்துக்கிடக்கின்றன. அப்படியானால் சீரியல் போர்ட்டில் ஒரு பிரேக் சிக்னல் போனால் யாரோ ஒருவர் எடுத்துப் பார்ப்பார். கேஜிடிபி உள்ளே நுழைந்ததும் மற்ற சிபியுக்களை என்எம்ஐ (மூடவே முடியாத இன்டரப்ட்) அனுப்பித்தான் நிறுத்தும். இன்டரப்டை மூடிக்கொண்டு உறைந்த சிபியுவும் என்எம்ஐக்குப் பணிந்தாக வேண்டும். அதாவது சிபியு 6 எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

உங்களிடம் இரண்டு சர்வர் ஒரே ரேக்கில் இருப்பது பெரிய வசதி. டேட்டா சென்டர் ஆட்களிடம் சொல்லி ஏ-யின் சீரியல் போர்ட்டிலிருந்து பி-யின் சீரியல் போர்ட்டுக்கு ஒரு நல்-மோடம் கேபிள் போடச் சொல்லுங்கள். சாதாரண நேர் கேபிள் வேலை செய்யாது, அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் உள்ளே மாறியிருக்க வேண்டும். டிக்கெட்டில் அதைத் தெளிவாக எழுதுங்கள். எனக்கு ஒருமுறை நேர் கேபிள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உறைந்த சர்வரை ஓர் இரவு முழுக்க வைத்துக்கொண்டு, பிழை என் ஜிடிபியில் இருக்கிறதென்று தேடினேன். போட்டவுடன் இரண்டு பக்கமும் எழுத்து போய் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

ஏ பக்கம்: கேஜிடிபிஓசி என்ற அமைப்புக்கு டிடிஒய்எஸ்0 எனும் முதல் சீரியல் போர்ட்டையும் 115200 வேகத்தையும் கொடுக்க வேண்டும். பூட் வரியிலும் கொடுக்கலாம், ஓடும்போது சிஸ்எஃப்எஸ் கோப்பில் எழுதியும் கொடுக்கலாம். மேஜிக் சிஸ்ரிக்யூவின் (கர்னலுக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் வசதி) மதிப்பை 1 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பிரேக் வந்தாலும் கர்னல் மதிக்காது. செக்யூர் பூட் ஓடினால் அதை அணைக்க வேண்டும், லாக்டவுன் கேஜிடிபியைத் தடுத்துவிடும். பூட் வரியில் நோகேஏஎஸ்எல்ஆர் சேருங்கள். இல்லையென்றால் கர்னல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் வேறு முகவரியில் உட்கார்ந்துகொள்ளும், ஜிடிபி காட்டும் பெயர்கள் எல்லாம் பொய்யாகப் போகும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சீரியல் போர்ட்டின் இன்டரப்டே உறைந்த சிபியுவுக்குப் போகும்படி அமைந்திருந்தால் பிரேக் யாருக்கும் கேட்காது. டிடிஒய்எஸ்0-க்கு வழக்கமாக இன்டரப்ட் எண் 4. அதை சிபியு 0-க்கு மட்டும் என்று கட்டிவிடுங்கள். உங்கள் கார்டின் இன்டரப்ட்டுகளை சிபியு 0 தவிர மற்றவற்றில் ஓடவிடுங்கள். ஐஆர்கியூ பேலன்ஸ் சேவை இதைப் பின்னால் வந்து மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி பக்கம்: கேஜிடிபியைப் பல வருடம் பராமரித்த ஜேசன் வெசல் எழுதிய ஏஜென்ட்-ப்ராக்ஸி என்ற சின்ன நிரலைக் கட்டி ஓட்டுங்கள். ஒரே சீரியல் கம்பியை இரண்டு டிசிபி போர்ட்டாகப் பிரித்துத் தரும். வழக்கமாக 5550-இல் கன்சோல், 5551-இல் ஜிடிபி. அதற்குரிய சுவிட்சைப் போட்டு ஓட்டினால், ஜிடிபியில் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது அதுவே பிரேக்கையும் ‘ஜி’ எழுத்தையும் அனுப்பி கர்னலை நிறுத்தும்.

ஜிடிபியை உங்கள் மேசையில் ஓட்டாதீர்கள், பி-யிலேயே டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். ஜிடிபி ஒவ்வொரு நினைவக இடத்தையும் கேட்டுப் பதில் வந்தபின்தான் அடுத்ததைக் கேட்கும். ஒரு ஸ்டாக்கை விரிக்க நூற்றுக்கணக்கான கேள்விகள் போகும். ஒவ்வொன்றும் 480 கிலோமீட்டர் போய் வந்தால் பொறுமை போய்விடும். சீரியல் வேகமும் நொடிக்கு 11 கிலோபைட் அளவுதான். தூரத்தை எஸ்எஸ்எச் தாங்கட்டும், ஜிடிபி பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸ் அப்படியே இருக்கும்.

ஏ-யில் ஓடும் அதே கர்னலின் டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸ் கோப்பு பி-யில் வேண்டும். பக்கத்துப் பதிப்பு உதவாது. உங்கள் மாட்யூல் எந்த முகவரியில் ஏறியது என்பதையும் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் சிஸ்எஃப்எஸ்ஸிலிருந்து எடுத்து பி-க்கு அனுப்பிவைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்கள். உறைந்தபின் அதைத் தேடுவது கஷ்டம்.

இதெல்லாம் முடியாமல் போனால் பேஸ்போர்டில் (மதர்போர்டு) இருக்கும் பிஎம்சி, அதாவது சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப். அதற்குத் தனி சிபியு, தனி மென்பொருள். ஐபிஎம்ஐ (பிஎம்சியோடு பேசும் நெறிமுறை) 2.0-இன் சீரியல் ஓவர் லேன் மூலம் யுடிபி 623-இல் அதே சீரியல் கன்சோலைப் பார்க்கலாம். ஐபிஎம்ஐடூலில் பவர் டயாக் கட்டளை கொடுத்தால் என்எம்ஐயே அனுப்பும். ஆனால் ஐபிஎம்ஐயைப் பொது இணையத்தில் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். அதன் அடையாளச் சோதனை முறையில், யார் கேட்டாலும் கடவுச்சொல்லின் ஹாஷைக் கொடுத்துவிடும் குறை இருப்பது 2013 முதலே ஊரறிந்தது. விபிஎன்னுக்குள் மட்டும்.

கேபிள் போட்டுவிட்டு எழுதுங்கள்.

ஜன்னலோரம் (பதில்)

நல்மோடம் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் விண்டோஸ் டிரைவர் எழுதுபவன். அங்கே விண்டோஸ் 8 முதல் நெட்வொர்க் வழிக் கர்னல் டீபக்கிங் இயல்பாகவே இருக்கிறது, கேடிநெட் என்பார்கள். புதுநிரல் கேட்டது கிட்டத்தட்ட அதுதான். அது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் அக்கா சொன்ன காரணம் இன்னும் தெளிவாகும். ஆதரவு உள்ள ஈதர்நெட் கார்டை இயந்திரம் பூட் ஆகத் தொடங்கும்போதே டீபகர் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. கார்டு தயாரிப்பாளர் வாரியாகத் தனியாக எழுதிய சின்ன நிரலை வைத்து அதோடு பேசுகிறது, விண்டோஸின் வழக்கமான கார்டு டிரைவரைத் தொடுவதே இல்லை. விண்டோஸுக்கு நெட்வொர்க் வேண்டுமென்றால் டீபகர் ஒரு பொய்க் கார்டைக் காட்டி, அதன் வழியாகத் தன் கார்டைப் பகிர்ந்துகொள்கிறது.

அமைப்பது எளிது. சோதிக்கும் இயந்திரத்தில் கேடிநெட் நிரலுக்கு டீபகர் ஓடும் கணினியின் ஐபியையும் 50000 போன்ற ஒரு போர்ட்டையும் கொடுத்தால், நான்கு பகுதியாகப் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு சாவியைத் தரும். அதையே விண்டிபிஜியில் கொடுக்க வேண்டும். போக்குவரத்து யுடிபியில், சாவியால் மறையாக்கப்பட்டுப் போகும். சோதிக்கும் இயந்திரம்தான் முதலில் டீபகரைத் தேடி வருகிறது. ஆகவே ஃபயர்வாலைத் திறக்க வேண்டியது டீபகர் பக்கம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நான் ஒரு நாளை இழந்திருக்கிறேன். பிட்லாக்கர் இருந்தால் அதை முதலில் இடைநிறுத்துங்கள், இல்லாவிட்டால் பூட் அமைப்பை மாற்றியவுடன் மீட்புச் சாவி கேட்டு நிற்கும்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் 13.0 முதல் நெட்ஜிடிபி இருக்கிறது.

புதுநிரல்

அக்கா, கேபிள் வந்தது. நேர் கேபிளா நல்-மோடமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தேன். எழுத்து போய் வந்தது. ஓடும் இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தேன், ஜிடிபி அழகாக நின்றது, தொடரவும் செய்தது.

நேற்று இரவு 11:35-க்கு ஏ உறைந்தது. எஸ்எஸ்எச் போகவில்லை என்றதும் பி-க்குள் போய் கன்ட்ரோல்-சி அழுத்தினேன். நின்றது! உடல் நடுங்கிவிட்டது. த்ரெட் பட்டியலை எடுத்தேன், சிபியு 6 அல்ல, இந்தத் தடவை 11. அதன் ஸ்டாக்கைக் கேட்டேன். முதல் இரண்டு வரி வந்தது, திடீரென்று கன்சோலில் பயாஸ் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. ஏ தானாக ரீபூட் ஆகிவிட்டது. யாரும் ரீசெட் போடவில்லை. என்ன தவறு செய்தேன்?

நல்மோடம்

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை, நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். வன்பொருள் வாட்ச்டாக்: குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் இயந்திரத்தை ரீசெட் செய்யும் டைமர். சிஸ்டம்டியின் அமைப்பில் ரன்டைம் வாட்ச்டாக் நேரம் என்று 60 வினாடி போல ஏதாவது எழுதியிருக்கும், பாருங்கள். உறைந்தபோது சிஸ்டம்டி வேறு ஏதோ ஒரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்ததால் வாட்ச்டாகைத் தட்டிக்கொண்டே இருந்தது, அதனால்தான் இத்தனை நாளும் இயந்திரம் தானாக ரீபூட் ஆகவில்லை. கேஜிடிபி நுழைந்ததும் எல்லா சிபியுவும் நின்றது, தட்ட ஆளில்லை, 60 வினாடியில் ரீசெட். அந்த நேரத்தை 0 ஆக்குங்கள். பிஎம்சியிலும் தனி வாட்ச்டாக் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே கர்னல்.பேனிக் மதிப்பையும் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால், பேனிக் (மீள முடியாத பிழை) வரும்போது கர்னல் டீபகருக்குள் போகாமல் ரீபூட்டுக்குப் போய்விடும். பூட் வரியில் என்எம்ஐ வாட்ச்டாக் 0 என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இருந்தால் எடுத்துவிடுங்கள். இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் இயல்பான அமைப்பில் 10 வினாடியிலேயே ஹார்ட் லாக்கப் (இன்டரப்டை மூடிக்கொண்டு சிபியு உறைந்தது) என்ற செய்தி உங்கள் நெட்கன்சோலில் ஆர்சியு புகாருக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

வந்த இரண்டு வரி என்ன?

புதுநிரல்

இருந்தது அக்கா. பெர்ஃப் கவுன்டர் ஒன்றை மிச்சப்படுத்த யாரோ எப்போதோ எழுதியது. எடுத்துவிட்டேன். சிஸ்டம்டியில் 60 வினாடிதான் இருந்தது, அதையும் 0 ஆக்கினேன்.

முதல் வரி கர்னலின் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) காத்திருப்பு நிரல். இரண்டாவது, ஸ்பின்லாக் எடுக்கும் சாதாரண நிரல். அவ்வளவுதான் கிடைத்தது.

புதுநிரல்

கிடைத்துவிட்டது! நான்கு நாள் காத்திருந்தேன். இன்று காலை 6:20-க்கு உறைந்தது, பிற்பகல்வரை அப்படியே நிறுத்தி வைத்துப் பார்த்தேன். வேலையை பி-க்கு மாற்றிவிட்டேன், அதனால் அவசரம் இல்லை.

சிபியு 3-இன் ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். ஒரு ஐஆக்டில் அழைப்பு (ஒரு நிரல் டிரைவரிடம் கேட்கும் வழி). அதிலிருந்து எங்கள் டிரைவரில் புள்ளிவிவரம் படிக்கும் ஃபங்ஷன். அதன் நடுவில் இன்டரப்ட். அதிலிருந்து எங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லர். அது ஸ்பின்லாக் கேட்டுக் காத்திருக்கிறது. எந்த லாக் என்று முகவரியைப் பார்த்தேன். கீழே புள்ளிவிவரம் படிக்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் அதே லாக். தன்னிடம் இருக்கும் சாவிக்காகத் தானே காத்துக்கிடக்கிறது. மற்ற சிபியுக்களில் ஒன்பது, சிபியு 3-க்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றன.

மூலநிரலைத் திறந்தேன். புள்ளிவிவர ஃபங்ஷனில் வெறும் ஸ்பின்லாக் எடுத்திருக்கிறோம், இன்டரப்டை மூடிவிட்டு எடுக்கும் ஐஆர்கியூசேவ் வகை அல்ல. லாக் கையில் இருக்கும் அந்தச் சில நூறு நானோவினாடிக்குள், அதே சிபியுவுக்கே கார்டின் இன்டரப்ட் வந்தால் கதை முடிந்தது. அதனால்தான் நாளுக்கு ஒருமுறைகூட வராமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

கியூஎமுவில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது. ஏ-யில் ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வினாடியும் அந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கிறது. அலுவலகத்தில் நான் அதை ஓட்டவே இல்லை. அந்தப் பாதையில் ஒருமுறைகூட நடக்காமலேயே ஒன்பது நாள் சோதித்திருக்கிறேன்.

அக்கா, லாக்கோப்பு அண்ணா, ஜன்னலோரம், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு மாதத்துக்குப் பின் இன்றுதான் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நல்மோடம்

மிகவும் சந்தோஷம் தம்பி. ஸ்டாக்கை இவ்வளவு தெளிவாகப் படித்திருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

திருத்தத்தை ஏ-யில் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய, திருத்தாத டிரைவரையே கியூஎமுவில் ஏற்றுங்கள். ஆனால் கர்னலை ப்ரூவ்-லாக்கிங் அமைப்போடு கட்டுங்கள், அதாவது லாக்டெப். கண்காணிப்பு ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள். லாக்டெப்புக்கு உறைதல் நிஜமாக நடக்க வேண்டியதில்லை. ஒரு லாக் இன்டரப்டுக்குள் எடுக்கப்பட்டதையும், அதே லாக் வேறெங்கோ இன்டரப்ட் திறந்திருக்கும்போது எடுக்கப்பட்டதையும் தனித்தனியாக, எப்போது பார்த்தாலும், இரண்டையும் சேர்த்து வைத்துப் புகார் செய்யும். இதேபோல் வேறு லாக்கிலும் இருந்தால் அதுவும் வெளியே வரும். லாக்டெப் ஒருமுறை பூட் ஆனபின் வரும் முதல் புகாரோடு தன்னை அணைத்துக்கொள்ளும், அதனால் ஒன்றைத் திருத்திவிட்டு மறுபடி பூட் செய்து ஓட்டுங்கள்.

புதுநிரல்

ஓட்டினேன் அக்கா. ஸ்கிரிப்டைத் தொடங்கிய சில வினாடிகளில் புகார் வந்துவிட்டது. அதே லாக், அதே இரண்டு ஃபங்ஷன், வரி எண்ணோடு. அதைத் திருத்திவிட்டு மறுபடி பூட் செய்தால் இன்னொன்று: கார்டை மீட்டமைக்கும் பாதையில் வேறொரு லாக்கில் இதே தவறு. அது இதுவரை எங்களைக் கடிக்கவில்லை. இரண்டையும் திருத்தினேன். மூன்றாவது ஓட்டத்தில் புகார் இல்லை.

இனி டிரைவரில் எந்த மாற்றம் வந்தாலும் லாக்டெப் கர்னலில், கண்காணிப்பு ஸ்கிரிப்டோடு ஓட்டிய பிறகே ஏ-க்கு அனுப்புவது என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம்.

ஏ-யில் புது டிரைவர் ஏறி இன்றோடு 11 நாள். உறையவில்லை. வாட்ச்டாகைத் திரும்ப 60 வினாடிக்கு வைத்துவிட்டேன். டேட்டா சென்டரில் கேபிளைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.